இருபத்து நான்காவது தோல்

அறுபத்து மூணு என்று ருக்மணி சத்தமாகச் சொல்கிறாள், நான் நோட்டில் ஒரு கோடு போடுகிறேன். மூட்டை ஒவ்வொன்றும் பத்துக் கிலோ மணல். இறக்கையைக் குப்புறக் கவிழ்த்து, உடம்போடு சேர்கிற அதன் அடிப்பக்கத்தை இரும்புச் சட்டத்தில் பூட்டியிருக்கிறோம், வானத்தில் காற்று கீழிருந்து மேலே தூக்குவதை இங்கே மணல் மேலிருந்து கீழே அழுத்திச் செய்கிறது, அவ்வளவுதான் சோதனை. நூற்றிருபது மூட்டை என்றால் நாங்கள் வண்டி என்று சொல்கிற இந்தச் சின்ன விமானம் தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிக மோசமான உதறல். நூற்றெண்பது என்றால் அதற்கும் ஒன்றரை மடங்கு, அங்கே மூன்று விநாடி முறியாமல் நின்றால் போதும், முதலாளி நஞ்சப்பன் தை பத்தாம் தேதி வண்டியைப் பறக்கவிடலாம், ஸ்டான்லி சார் ஓட்டலாம், நான் பக்கத்தில் உட்காரலாம். அரிசி மண்டியிலிருந்து மூட்டை தூக்க வந்த நாலு பேரும் முதல் மூட்டையை வைக்கும்போது "லாபம்" என்றார்கள், ஒன்று என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது, ருக்மணியும் அதையே எனக்குத் திருப்பிச் சொன்னாள், "ஒண்ணுன்னு சொல்லு ருக்மணி, இதுல லாபம் எங்க வந்துச்சு" என்று எரிந்து விழுந்தேன். காலையிலிருந்து யார் மேலாவது எரிந்து விழ வேண்டும்போல் இருக்கிறது. அறுபத்து நாலு. கோடு. இந்த இறக்கை முறிந்தாலும் எனக்குக் கவலை இல்லை, இது முறிப்பதற்கென்றே செய்த இறக்கை, பறக்கப் போவதில்லை. பறக்கப் போகும் இரண்டும் எனக்குப் பின்னால் சுவரோரமாக மெத்தை வைத்த தாங்கிகளில் கிடக்கின்றன, நான் நாற்காலியை வேண்டுமென்றே இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். யாரும் கேட்கவில்லை, கேட்டால் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

அறுபத்தொன்பது. இறக்கை நுனிக்குப் பக்கத்தில் நட்ட அளவுக்கோலைப் பார்க்கிறேன், பதினெட்டு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது, நான் கணக்கில் போட்டதும் பதினெட்டு, என் கணக்கு எப்போதும் சரியாகத்தான் இருக்கும், அதுதான் என் வியாதி. கிராம் கணக்கு. இருவர் உட்கார்ந்து, இரண்டு பை வைத்து, எரிபொருள் நிரப்பினால் மொத்தம் அறுநூறு கிலோ, அதற்கு மேல் ஒரு வெற்றிலைப் பாக்குக்கூட ஏறக்கூடாது. முதலாளிக்கு இதைப் புரியவைக்க ஒரு வருடம் ஆனது. பம்பு செய்கிற வீடு, அவர்களுக்கு எடை என்றால் உறுதி, கனமாக இருந்தால்தான் நல்ல சாமான். "நானும் ஊட்டுக்காரியும் கோயமுத்தூர்ல இட்டிலி தின்னுட்டு ஏறுனா மத்தியானச் சோத்துக்கு கோவால எறங்கோணும், அம்மிணி, அவ்வளவுதான் எனக்கு வேணும்" என்று சொன்னார், சொல்லிவிட்டு காப்பி டம்ளர் வைக்க ஒரு வளையம் கேட்டார், நாற்பது கிராம், முடியாது என்றேன், நாலு நாள் பேசவில்லை. வீட்டில் டிபன் டப்பாவைக்கூட எடை போட்டுத்தான் வாங்கினேன். "உப்பையாவது கையால அள்ளிப் போடு தமயந்தி" என்றார் வீட்டுக்காரர். இருவரும் உட்காரும் கண்ணாடிக் கூண்டின் அகலத்தை நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் என்று முடிவுசெய்தது ஒரு டீக்கடை பெஞ்சில். ஸ்டான்லி சார் நாகர்கோயில்காரர், விமானப் படையில் இருபத்தாறு வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர், தோள் இரண்டும் கதவு மாதிரி. அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன், டேப்பைப் பிடித்து ருக்மணி அளந்தாள், "மூச்ச அடக்காதீங்க சார், உள்ள போனா மூச்சு விடுவீங்கல்ல" என்றாள், டீக்கடைக்காரர் எங்களுக்குச் சட்டை தைக்கிறார்கள் என்று நினைத்திருப்பார். அந்தப் பெஞ்சில்தான் அவர் சொன்னார், "இஞ்ச பாரும்மா, மொதல்ல நான் தனியா ஏறுவேன், ரெண்டாவது தடவை நீ வலது பக்கம் உக்காரணும், செஞ்சவங்க உக்காராத வண்டிய நான் ஓட்ட மாட்டேன்." சரி என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். எழுபத்து நாலா, எழுபத்தைந்தா, கோட்டை எண்ணுகிறேன், எழுபத்தைந்து.

எண்ணுவதை இந்தப் பட்டறைக்குக் கொண்டுவந்ததே நான்தான். கார்பன் துணி பசை ஊறியபடியே சுருளாக வருகிறது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் மேல் நீல நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தாள், தலைமுடியைவிட மெல்லியது, எங்கள் பெண்கள் அதைத் தோல் என்பார்கள். துணியை வெட்டி, அச்சில் படுக்கவைத்து, தோலை உரித்துவிட்டு, அடுத்த துணி. ஒரு தோலை உரிக்க மறந்தால் அந்த இரண்டு அடுக்கும் ஒட்டாது. வெந்து இறுகிய பிறகு வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. காசைக் கொண்டு தட்டிப் பார்த்தாலும் தெரியாது, நடுவில் காற்று இல்லையே, சத்தம் நல்ல சத்தமாகவே வரும். ஆகவே உரித்த தோலையெல்லாம் துணி காயப்போடுகிற மாதிரி ஒரு கொடியில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும், அடுக்கு எத்தனையோ கொடியில் தோல் அத்தனை, இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி இரண்டு கையெழுத்து, அப்புறம்தான் அடுப்பு. நல்ல விதி. இப்போதும் சொல்வேன், நல்ல விதி. இங்கே அடுக்கு வேலை பார்த்த தங்கராசு போன வருஷம் ஒரு நாள் வந்து நின்றான், வால் பகுதியின் சட்டம், அடுப்பிலிருந்து எடுத்து ஒரு வாரம் ஆகியிருந்தது. "ஒண்ணு கொறையுதுங் மேடம், அன்னைக்கே சொல்லியிருக்கோணும், தூக்கம் வரலீங்" என்றான். நாற்பது வயசுக்காரன், இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு நின்றான். நான் அந்தச் சட்டத்தை எல்லார் முன்னாலும் வெட்டச் சொன்னேன், தோல் இருந்தது, அவனை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பினேன். கையெழுத்துப் போட்டது பொய்க் கையெழுத்துதானே, அனுப்பாமல் என்ன செய்வது. யாரிடம் வாதாடுகிறேன் இப்போது. தொண்ணூற்றொன்று என்கிறாள் ருக்மணி. அதற்கப்புறம் ஒரு வருஷமாக இந்தப் பட்டறையில் ஒரு தோல்கூடக் குறையவில்லை. ஒரு தடவைகூட. மனிதர்கள் வேலை செய்கிற இடத்தில் ஒரு வருஷம் ஒன்றுகூடக் குறையாது என்று நான் எப்படி நம்பினேன், நம்பினேன் என்பதுகூட இல்லை, சந்தோஷப்பட்டேன், என் கண்டிப்புக்குக் கிடைத்த பலன் என்று.

முகூர்த்த நாள். போன மாதம், பட்டறையில் பாதிப் பேர் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள், வலது இறக்கையின் அடிப்பக்கம், உடம்போடு போல்ட் போட்டுச் சேர்க்கிற இடம், அங்கே முழங்கை நீளத்தில் சின்னச் சின்னத் துண்டாக இருபத்து நாலு அடுக்கு. துணி குளிர்பெட்டியிலிருந்து வெளியே வந்துவிட்டது, இனி அது காத்திருக்காது. ருக்மணி படுக்கவைத்தாள், நான் தோல் உரித்துக் கொடியில் மாட்டினேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. முதலாளி போன் செய்தார். வண்டி உடம்பில் சிவப்புப் பட்டை அடிப்பதா நீலப் பட்டை அடிப்பதா என்று. நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பட்டையே வேண்டாம், பெயிண்டு முந்நூறு கிராம் என்றேன், அவர் முந்நூறு கிராம் ஒரு எலுமிச்சம்பழ மூட்டைகூட இல்லீங்களே அம்மிணி என்றார், எலுமிச்சம்பழம் மூட்டையில் வருமா என்று நான் கேட்டேன், அந்த நேரத்தில் என் கை என்ன செய்துகொண்டிருந்தது. இதுதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிற இடம். எலுமிச்சம்பழம் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, போனை வைத்தது ஞாபகம் இருக்கிறது, நடுவில் கை தெரியவில்லை. முடித்து எண்ணினால் இருபத்து மூன்று. மறுபடி எண்ணினேன், இருபத்து மூன்று. "காத்துல பறந்திருக்கும்ங் மேடம், ஃபேன் ஓடுதுல்ல" என்று ருக்மணி குனிந்து மேஜைக்கு அடியில் தேடினாள், நான் அந்தப் பக்கம் தேடினேன், கொஞ்ச நேரத்தில் "இங்க கெடக்குதுங்" என்றாள். கையில் ஒரு நீலத் தோல். வாங்கி மாட்டினேன். இருபத்து நாலு. கையெழுத்துப் போட்டேன், அவளும் போட்டாள். பேனா மூடியைப் போடும்போதுதான் பார்த்தேன், அந்தத் தோலின் ஓரம் சாய்வாக வெட்டியிருந்தது. அடிப்பக்கத் துண்டுகள் எல்லாம் நேர் வெட்டு. சாய்வு வெட்டு முந்தின நாள் செய்த வேறு சட்டத்துக்கு. பார்த்தேன், பார்க்கவில்லை என்று இருந்துவிட்டேன். ஒருவேளை ருக்மணி ஒரு துண்டை அவசரத்தில் சாய்வாக வெட்டியிருக்கலாம் என்று அன்று இரவு தோன்றியது, அவள் பன்னிரண்டு வருஷம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் துணி வெட்டியவள், அவள் கத்தரி சாயாது, அதுவும் எனக்குத் தெரியும்.

நூற்றிருபது. எல்லாரையும் கை எடுக்கச் சொல்கிறேன், பத்து நிமிடம் அப்படியே நிற்கட்டும். முப்பத்தொரு சென்டிமீட்டர். கணக்கில் முப்பத்தொன்று. இறக்கை மெல்ல ஒரு முனகல் முனகுகிறது, மண்டிக்காரர்களில் ஒருவர் "ஆத்தா" என்று பின்வாங்குகிறார், அது மூட்டை உட்காருகிற சத்தம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்கிறேன். முதலாளி வந்துவிட்டார், வெள்ளை வேட்டி, பின்னால் ஓட்டுநர் ஒரு தட்டில் மாலையும் சந்தனமும் குங்குமமும் எடுத்து வருகிறார், பம்பு செட்டுக்கு வைப்பதுபோல் பறக்கிற இறக்கைகளுக்கும் வைக்க வேண்டுமாம். நான் மாலை எத்தனை கிராம் என்று கேட்கவில்லை. அதைக் கவனித்துவிட்டு ஸ்டான்லி சார் என் பக்கம் வருகிறார். "என்னம்மா, மூஞ்சி இப்பிடி இருக்கு? ஒனக்க எறக்கை நல்லா நிக்குல்லா?" நல்லா நிக்குது சார் என்கிறேன். இந்த இறக்கை நிற்கும். இதில் இருபத்து நாலு தோலும் என் கண்ணால் பார்த்தவை. முதுகுக்குப் பின்னால் கிடக்கிறதே அதுதான். இந்த ஒரு மாதத்தில் எல்லாரும் போன பிறகு எத்தனை தடவை அதைக் காசால் தட்டியிருக்கிறேன், ஐந்து ரூபாய்க் காசு, டக் டக் டக், ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே சத்தம், நல்ல சத்தம். நல்ல சத்தத்தைக் கேட்கக் கேட்க பயம் கூடியது. இருபத்து நாலில் ஒன்று ஒட்டாவிட்டால் என்ன, ஒன்றரை மடங்கு உறுதி வைத்திருக்கிறோமே, அது இந்த மாதிரிப் பிழைக்குத்தானே, என்று கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன், தாளில் போட்டேன், தாளில் நின்றது. முதல் நாள் நிற்கும். ஐம்பதாவது நாள் நிற்கும். ஒவ்வொரு உதறலுக்கும் அந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும், என்றைக்கு என்று எந்தத் தாளும் சொல்லாது, அன்றைக்கு உள்ளே நானும் இருக்கலாம், முதலாளியும் அவர் வீட்டம்மாவும் கோவாவுக்குப் பாதி வழியில் இருக்கலாம், அந்த அம்மாள் எனக்குத் தீபாவளிக்கு முறுக்குக் கொடுத்துவிட்டவள். எனக்குப் பயமாக இருக்கிறது. விழுவதற்குத்தான் பயம் என்று ஒரு மாதமாக நினைத்தேன், இல்லை, தங்கராசு நின்ற இடத்தில் கையைக் கோத்துக்கொண்டு நிற்பதற்குத்தான் பயம். பத்து நிமிடம் ஆகிவிட்டது. தொடருங்கள் என்கிறேன்.

நூற்று நாற்பது, நூற்று ஐம்பது, இப்போது மூட்டையைக் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் வைக்கிறார்கள், கேட்பது ருக்மணியின் குரல் மட்டும். நூற்று அறுபத்தெட்டில் நுனி நடுங்குகிறது, நிற்கிறது. நூற்றெழுபத்தொன்பது. கடைசி மூட்டையை வைத்துவிட்டு இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள். நாற்பத்தேழு சென்டிமீட்டர். விநாடி எண்ண வேண்டியவள் நான், அளவுக்கோலையே பார்த்து நிற்கிறேன், ருக்மணி எண்ணுகிறாள், "லாபம்... ரெண்டு... மூணு." நின்றுவிட்டது. முதலாளி கைதட்டுகிறார், மண்டிக்காரர்களும் கைதட்டுகிறார்கள், ஸ்டான்லி சார் விசில் அடிக்கிறார், வயசான மனிதர் நன்றாகத்தான் அடிக்கிறார். முதலாளி மாலையை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் போகிறார். நான் முதல் தடவையாகத் திரும்புகிறேன். "அதுக்கு மாலை போடாதீங்க சார்" என்கிறேன். என்னுங் அம்மிணி, எடையா என்று சிரிக்கிறார். "வலது எறக்கைய வெட்டணும். அடியில ஒரு தோல் உள்ள இருக்குன்னு நெனைக்கிறேன். நான் உரிக்க மறந்தது. தெரிஞ்சே கையெழுத்துப் போட்டேன்." சொல்லிவிட்டேன், அவ்வளவுதான், நான்கு வாக்கியம், ஒரு மாதம் ஆனது. முதலாளி மாலையைப் பிடித்தபடியே நிற்கிறார். "தட்டிப் பாத்தா சத்தம் நல்லாத்தானுங்களே இருக்குது? தை பத்துக்கு எல்லாருக்கும் சொல்லியாச்சு, அஞ்சு மாச வேலைங் அம்மிணி." சத்தம் நல்லாத்தான் இருக்கும் சார் என்கிறேன். ஸ்டான்லி சார் இறக்கையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "வலதா? அது ஒனக்க சீட்டுப் பக்கம்லா" என்கிறார், அப்புறம் முதலாளியின் கையிலிருந்து மாலையை வாங்கித் தட்டில் திருப்பி வைக்கிறார். ருக்மணி என் பக்கத்தில் வந்து நிற்பது அப்போதுதான் தெரிகிறது. "மேடம், அந்தத் தோலு கீழ கெடக்கலீங். குப்பக் கூடையில இருந்து நாந்தான் எடுத்தேனுங்." தெரியும் ருக்மணி. "உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்ங். தங்கராசண்ணன் மாதிரி ஆயிருமோன்னு பயந்துட்டேனுங்" என்கிறாள், அழவில்லை, முந்தானையால் கையை மட்டும் துடைத்துக்கொள்கிறாள், பிறகு வெட்டுகிற மெஷினை எடுத்துவரப் போகிறாள்.

கறுப்புத் தூசி, முகமூடிக்குள் என் மூச்சே எனக்குச் சுடுகிறது, வெட்ட ஆரம்பித்து இருபது நிமிடத்தில் அடிப்பக்கம் கட்டையாகக் கையில் வந்துவிட்டது. ஈரத் துணியால் வெட்டு முகத்தைத் துடைக்கிறேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு, நடுவில் நீலமாக ஒரு கோடு, தையல் நூல் அளவுகூட இல்லை. மேலிருந்து எண்ணுகிறேன், ருக்மணி கீழிருந்து எண்ணுகிறாள், விதிப்படி இரண்டு பேர். கத்தியைக் கேட்டு வாங்கினேன், தேவைப்படவில்லை, நகத்தை விட்டு நெம்பினேன், வாழைப்பட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்துவிட்டது. பக்கத்தில் அந்தச் சோதனை இறக்கைமேல் ஆயிரத்து எண்ணூறு கிலோ மணல் இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முதலாளி அந்த இரண்டு துண்டையும் வாங்கிச் சேர்த்துப் பார்க்கிறார், பிரித்துப் பார்க்கிறார், மறுபடி சேர்த்துப் பார்க்கிறார், அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்க வந்தவர்களுக்கு டீ சொல்லிவிட்டு வரப் போகிறார். நான் தோலை உரித்து எடுக்கிறேன், முழுசாக வருகிறது, நேர் வெட்டு, இரண்டு கிராம் இருக்கும். கொடியில் மாட்டுகிறேன், தனியாகத் தொங்குகிறது. கை கழுவாமலே போனை எடுத்துப் பழைய எண்ணைத் தேடுகிறேன், அழிக்கவில்லை, த வரிசையில் என் பெயருக்கு முன்னால் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டி செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறான் என்று கேள்வி, பின்னால் ஏதோ மெஷின் இரைகிறது. "தங்கராசு, நான் தமயந்தி பேசறேன், விமானப் பட்டறை." சொல்லுங் மேடம் என்கிறான், குரலில் ஒன்றும் இல்லை. வலது இறக்கையில் தோல் விட்டுவிட்டேன், நான்தான் விட்டேன், வெட்டி எடுத்துவிட்டோம், என்கிறேன், புது இறக்கை செய்ய வேண்டும் என்கிறேன், அன்றைக்கு உன்னை அனுப்பியது தப்பு என்று சொல்ல வாயெடுக்கிறேன், மெஷின் சத்தம் நின்றுவிட்டது. "எத்தனாவது அடுக்குங்?" என்று கேட்கிறான். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல என்கிறேன். "நடுப் போல்ட்டுக்கு மேலயே வருமுங்களே மேடம், பாரம் பூராம் அங்கதானுங்" என்கிறான், பிறகு, "திங்கக்கெழம வர்றேனுங்."